முகூர்த்தத்துக்கு எது, ரிசப்ஷனுக்கு எது? கல்யாணப் படங்களுக்கு ஃபைல் வகை தேர்ந்தெடுப்பது

கேமராவுக்குச் சிரமம் தருகிற அத்தனையும் ஒரு தமிழ்க் கல்யாண மேடையில் ஒரே ஃபிரேமுக்குள் வந்து நிற்கும். அரக்குச் சிவப்பில் கூரைப்புடவை, அதில் மின்னும் ஜரிகை, பக்கத்தில் வெள்ளைப் பட்டு வேட்டி, தலை நிறைய மல்லிகை, நடுவில் ஹோமத்தீ, அதன்மேல் புகை. வீடியோக்காரரின் எல்இடி விளக்கு ஒரு நிறம், மண்டபத்துக் கூரை விளக்கு இன்னொரு நிறம். பின்னாலிருக்கும் எல்இடி திரையோ நொடிக்கொரு நிறம் மாறும். கெட்டிமேளம் ஒலித்துத் தாலி ஏறுவது சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த நொடியில் எக்ஸ்போஷர் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது ஒரு ஸ்டாப்) தப்பினாலோ, விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் பிசகினாலோ பிறகு எவ்வளவு தூரம் மீட்கலாம்? முந்தின நாளே கேமரா மெனுவில் நீங்கள் வைத்த ஃபைல் வகை அதை முடிவு செய்துவிட்டிருக்கும்.

ஃபைல் வகைகளை ஒப்பிடும்போது எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: சென்சார் பதிந்ததில் வேண்டாததைக் கழிப்பது யார், எப்போது? ஜேபெக்கில் கேமராவே அந்த நொடியில் கழித்துவிடும். ரா ஃபைலில் அந்த வேலை உங்கள் மேசைக்கு வந்து சேரும். மற்ற வகைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவிலோ பின்னாலோ நிற்பவை.

ஜேபெக் 1992-இல் தரநிலையானது. படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் பிடிக்காத நுண்ணிய ஏற்ற இறக்கங்களை மழுக்கி, ஃபைலைச் சுருக்குகிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கண் கூர்மையாகப் பார்க்கும்; நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. அதனால் நிற விவரத்தைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்துச் சேமிக்கவும் அதில் இடமுண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள். இந்தச் சுருக்கத்துக்கு முன்பாகவே ஒயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ், நாய்ஸ் குறைப்பு அத்தனையையும் கேமரா படத்தில் பூசி முடித்திருக்கும்.

ரா ஃபைலில் இந்தப் பூச்சு எதுவும் இல்லை. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பு இது. நான்கு பிக்சலில் இரண்டு பச்சை. அந்த அளவீடுகள் 12 அல்லது 14 பிட்டில் அப்படியே ஃபைலுக்குள் போகின்றன. விடுபட்ட இரண்டு நிறங்களை ஊகித்து நிரப்புவது கணினியில் உள்ள மென்பொருளின் வேலை. ஒயிட் பேலன்ஸும் பிக்சர் ஸ்டைலும் ஃபைலோடு ஒட்டிய குறிப்புகள்தான். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் எடுத்தது எடுத்ததுதான்.

14 பிட் என்றால் 16,384 படிகள், 256-ஐப் போல 64 மடங்கு, ஆகவே ரா 64 மடங்கு உயர்ந்தது என்று ஒரு கணக்கு உலவுகிறது. அது தவறாக வழிகாட்டும். ரா ஃபைலின் படிகள் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் ஓடுகின்றன. மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கு மட்டுமே 8,192 படிகள் போய்விடும். அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048 என்று பாதி பாதியாகத் தேயும். ஜேபெக் தன்னிடமுள்ள 256 படிகளைக் கண்ணின் போக்குக்கேற்ப வளைத்து, நிழல் பகுதிக்கு அதிகமாகப் பங்கிடுகிறது. சரியான எக்ஸ்போஷரில் எடுத்த இரண்டையும் அப்படியே பிரிண்ட் போட்டு அருகருகே வைத்தால் வேறுபாடு காண்பது கடினம். படத்தை இழுக்கத் தொடங்கும்போதுதான் ஜேபெக் கிழியும்.

மேடையில் அப்படி இழுக்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது புடவையின் சிவப்பு. இருளிலிருந்து வெளிச்சம் வரை எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தமாக நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும். சிவப்பு சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அந்த ஜேபெக்கில் புடவையின் மடிப்பும் நெசவும் போய், ஒரே சிவப்புத் தகடாகத் தெரியும். பல சமயம் சென்சாரில் சிவப்பு நிரம்பியே இருக்காது. கேமரா சாச்சுரேஷனைக் கூட்டி, நிறங்களை எஸ்ஆர்ஜிபி என்ற குறுகலான வரம்புக்குள் அடைக்கும்போதுதான் நிரம்பி வழிகிறது. ஆகவே ரா ஃபைலில் அந்த மடிப்புகள் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். கேமராவில் தெரியும் ஹிஸ்டோகிராம் ரா எடுத்தாலும் உள்ளிருக்கும் ஜேபெக்கிலிருந்தே கணக்கிடப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்து, கான்ட்ராஸ்டைக் குறைத்து, மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்தால் உண்மைக்கு நெருக்கமான கணக்குக் கிடைக்கும். ஜேபெக் மட்டும் எடுப்பவர்கள் சிவப்பு ஓரத்தைத் தொடாத வரை எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை இறக்க வேண்டி வரலாம்.

இரண்டாவது வெள்ளை. வேட்டியின் நெசவும் மல்லிகை மொட்டின் உருண்டையும் ஜேபெக்கில் 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கே மீட்க எதுவும் இல்லை. எவ்வளவு இருட்டாக்கினாலும் சாம்பல் திட்டுதான் வரும். ரா ஃபைலில் ஒன்றிரண்டு நிறம் மட்டும் நிரம்பியிருந்தால் மிச்சமுள்ள நிறத்தை வைத்து மென்பொருள் விவரத்தைக் கட்டியெழுப்பும். மூன்றுமே நிரம்பிவிட்டால் ரா ஃபைலும் கைவிரிக்கும். எனவே, சந்தேகம் வந்தால் வெள்ளையைக் காப்பாற்றி, முகத்தைப் பிறகு தூக்குங்கள். 14 பிட் ராவில் குறைந்த ஐஎஸ்ஓவில் முகத்தை 2 ஸ்டாப் தூக்குவது சாதாரணம். ஜேபெக்கில் அதையே செய்தால் கன்னத்தின் நிழலில் நிறத்திட்டுகளும் 8×8 கட்டங்களின் தடமும் எழுந்துவரும்.

மூன்றாவது கலப்பு வெளிச்சம். வீட்டில் பெண் அலங்காரத்தைப் பல்பு வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, ஒயிட் பேலன்ஸை டங்ஸ்டனிலிருந்து மாற்றாமலே வாசலுக்கு வந்துவிட்டால் படமெல்லாம் நீலம் பாயும். ராவில் இது ஒரு சொடுக்கு வேலை. ஜேபெக்கில் நீலம் ஏற்கெனவே நிரம்பி, சிவப்பு அடியில் நசுங்கியிருக்கும். தோல் நிறம் முழுதாகத் திரும்பாது. மாநிறத் தோலில் இந்தச் சேதம் இன்னும் துலக்கமாகத் தெரியும். முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும்.

எந்த ஃபைல் வகையும் காப்பாற்றாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஃபோகஸ் தப்பியது, கை ஆடியது இரண்டும் அதில் சேரும். எல்இடி விளக்கால் படத்தின் குறுக்கே விழும் பட்டைகளும் அப்படித்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 அல்லது 1/50 ஷட்டரில் எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழுத் துடிப்புகளே கிடைக்கும். 1/250-க்குப் போனால் பட்டை விழ வாய்ப்பு அதிகம். எல்இடி திரையின் துடிப்பு வேறு வேகத்தில் ஓடும். முந்தின நாள் மண்டபத்தில் நான்கைந்து ஷட்டர் வேகங்களில் எடுத்துப் பார்த்துவிடுவதே வழி.

ரா என்பதற்குள்ளேயே மூன்று

மெனுவில் ரா என்று போட்டதோடு வேலை முடியாது. 24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்கமே இல்லாத 14 பிட் ரா ஏறக்குறைய 42 எம்பி. இழப்பில்லாச் சுருக்கம் என்றால் காட்சியைப் பொறுத்து 25 முதல் 30 எம்பி. ஒரு பிட்டும் போவதில்லை. ஜிப் செய்து பிரித்த ஆவணம்போல அப்படியே திரும்பி வரும். உங்கள் கேமராவில் இந்த வசதி இருந்தால் சுருக்காத ராவை எடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இழப்புள்ள சுருக்கத்தில்தான் யோசிக்க வேண்டும். சோனியின் பழைய சுருக்க முறை ஒரே நிறத்தின் 16 பிக்சல்களை ஒரு கூட்டமாக எடுத்து, அவற்றின் உச்சத்தையும் தாழ்வையும் மட்டும் துல்லியமாக வைத்து, மற்றவற்றைத் தோராயமாகக் குறிக்கும். இரண்டுக்கும் இடைவெளி சிறிதானால் பாதகமில்லை. இருட்டில் எரியும் குத்துவிளக்குச் சுடர், இரவில் தொங்கும் சீரியல் விளக்கு என்று ஒரே கூட்டத்துக்குள் பேரொளியும் காரிருளும் சேர்ந்துவிட்டால், நிழலைத் தூக்கும்போது விளிம்பில் ரம்பப்பல் தெரியும். 2021-இல் வந்த ஆல்பா 1 முதல் சோனி கேமராக்களில் இழப்பில்லாச் சுருக்கமும் வரத் தொடங்கியது. கேனனின் சி-ரா 2018-இல் சிஆர்3 ஃபைலோடு அறிமுகமானது. சாதாரண ராவைவிட ஏறக்குறைய 40 சதவீதம் சிறியது. நிழலை 3, 4 ஸ்டாப் தூக்கும்போதுதான் அதன் குறை தெரியும். மேடை வெளிச்சத்தில் அவ்வளவு தூக்க வேண்டிய படம் அபூர்வம். கல்யாணத்துக்கு சி-ரா தாராளமாகப் போதும். நிக்கானில் இசட்9 முதல் வந்த ஹை எஃபிஷியன்சி வகைக்கும் இதே தீர்ப்புதான், நட்சத்திரக் குறி போட்டதைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.

12 பிட்டா 14 பிட்டா என்ற குழப்பத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டினால் நாய்ஸே அந்தக் கூடுதல் பிட்டுகளை விழுங்கிவிடும்.

ரா ஃபைலுக்காக இன்னொரு வாதம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. நிறங்களை நிரப்பும் கணக்கும் நாய்ஸ் குறைக்கும் கணக்கும் ஆண்டுக்காண்டு மேம்படுகின்றன. பத்து வருடத்துக்கு முன் ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்த ராவை இன்றைய மென்பொருளில் திறந்தால் அன்று கிடைத்ததைவிடச் சுத்தமான படம் கிடைக்கும். இன்று அந்தக் குடும்பத்தில் இல்லாத ஒரு தாத்தாவின் முகம் அதில் இருக்கலாம். அன்றைய ஜேபெக் அன்றைய கேமராவின் கணக்கோடு உறைந்து நிற்கும்.

ஜேபெக்குக்கு உரிய இடம்

இத்தனைக்குப் பிறகும் ரிசப்ஷனுக்கு ஜேபெக்கைச் சிபாரிசு செய்வதில் தயக்கமில்லை. மேடையில் வெளிச்சம் மாறாது, ஃப்ளாஷ் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும், மாப்பிள்ளையும் பெண்ணும் அசையமாட்டார்கள். மாறுவது வரிசையில் வருகிற ஆட்கள் மட்டும். வரிசை தொடங்குமுன் ஒரு சாம்பல் அட்டையை மேடையில் பிடித்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைத்து, மேனுவல் எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டால் 500 படமும் ஒரே மாதிரி வரும். இவை ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு, எட்டாகச் சிறியதாக உட்காரப்போகிற படங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை மட்டும் விட்டுவைக்காதீர்கள். பின் திரை நிறம் மாறும்போதெல்லாம் முகத்தின் நிறமும் மாறும், ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டி வரும்.

அளவைக் குறைக்கும்போது ஆல்பக் கணக்கை மனத்தில் வைத்திருங்கள். விரித்தால் 12×36 அங்குலம் வருகிற ஆல்பத்தில் ஒரு முழுப்பக்கம் 12×18. 24 மெகாபிக்சல் படம் 6000×4000. முழுப்பக்கத்தில் அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கும், லேப் கேட்கும் 300-க்குச் சரியாகப் போதும். மீடியம் ஜேபெக்கில் சுமார் 13 மெகாபிக்சல்தான் வரும். அங்குலத்துக்கு 250 பிக்சல் அளவுக்கு இறங்கிவிடும். அது வரிசைப் படங்களுக்கு ஏராளம், முழுப்பக்கத்துக்குக் குறைவு.

வேகம் முக்கியமான இடங்களிலும் ஜேபெக்தான். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015 நவம்பரில், ராவிலிருந்து செய்த படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவில் பதிந்த ஜேபெக்கையே அனுப்புங்கள் என்று தனக்குப் படம் தரும் ஃப்ரீலான்சர்களிடம் சொன்னது. விரைவு ஒரு காரணம், படம் கண்டபடி மாற்றப்படக் கூடாது என்பது இன்னொன்று. காலையில் எடுத்ததை மதியம் திரையில் ஓட்ட வேண்டும், வந்தவர்களுக்கு அங்கேயே பிரிண்ட் தர வேண்டும் என்றால் நிலைமை அதேதான்.

இரண்டு கார்டு போடும் கேமராவில் முகூர்த்தத்துக்கு முதல் கார்டில் ரா, இரண்டாவதில் ஃபைன் ஜேபெக் என்று வைப்பது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது. ஒரு கார்டு செத்தாலும் கல்யாணம் கையில் இருக்கும். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்று வைத்துக்கொள்வோம். ரா 28 எம்பி வீதம் 84 ஜிபி, ஜேபெக் 10 எம்பி வீதம் 30 ஜிபி. இதில் அடிக்கடி நடக்கும் பிழை, முதல் இடத்தில் விலையுயர்ந்த வேகமான கார்டும் இரண்டாவதில் கிடந்த பழைய எஸ்டி கார்டும் போடுவது. படங்கள் கார்டுக்குப் போகுமுன் தங்கும் தற்காலிக நினைவகமான கேமராவின் பஃபர் மெதுவான கார்டின் வேகத்தில்தான் காலியாகும். அட்சதை தூவுகிற நேரத்தில் தொடர்ந்து அழுத்தினால் கேமரா மூச்சுமுட்டி நின்றுவிடும். இரண்டாவது கார்டும் குறைந்தது வி60 (நொடிக்கு 60 எம்பி எழுதும்) தரத்தில் இருக்கட்டும்.

ஹெய்ஃப், டிஎன்ஜி

ஹெய்ஃப் 2015-இல் வந்த வடிவம். 2017-இல் ஐபோன் ஐஓஎஸ் 11 முதல் எடுத்துக்கொண்டபின் பரவியது. ஜேபெக்கில் பாதியளவு இடத்தில் ஒப்பான தரம், 10 பிட், அதாவது 1,024 படிகள். மாலை வானம், சுவரில் விழும் ஒற்றை விளக்கின் மங்கல் போன்ற இடங்களில் ஜேபெக்கில் தெரியும் வரிவரியான படிகள் இதில் அடங்கும். ஆனால் ஒயிட் பேலன்ஸும் பிக்சர் ஸ்டைலும் ஜேபெக்கைப் போலவே பூசப்பட்டுத்தான் வரும். வாங்கும் தரப்பும் இன்னும் தயாராகவில்லை: விண்டோஸில் கூடுதல் நீட்சி நிறுவாமல் பல கணினிகளில் திறக்காது, ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருள் பல இதை ஏற்பதில்லை. கேனன் ஆர்5, ஆர்6 போன்றவற்றில் எச்டிஆர் பிகியூ என்ற, எச்டிஆர் திரைகளுக்கான முறையோடுதான் ஹெய்ஃப் வரும். சாதாரண மானிட்டரில் நிறம் வேறாகத் தெரியும். கல்யாண வேலைக்கு கேமராவில் இதை இப்போதைக்குத் தவிர்த்துவிடலாம்.

டிஎன்ஜி அடோபி 2004-இல் கொண்டுவந்த பொதுவான ரா வடிவம். லைகா, பென்டாக்ஸ் கேமராக்களில் நேரடியாகவே கிடைக்கும். மற்றவர்களுக்கு இது முக்கியமாக ஒரு நெருக்கடிக்கு மருந்து. மாதச் சந்தா இல்லாத கடைசி லைட்ரூம் 6-க்கான புதுப்பிப்பு 2017-இலேயே நின்றுவிட்டது. அதற்குப்பின் வந்த கேமராவின் ராவை அது திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றினால் திறக்கும். மாற்றியபின் மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள். நிக்கான் என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனன் டிபிபி போன்ற கம்பெனி மென்பொருள்கள் அந்த டிஎன்ஜியை ஏற்காது. மாற்றப்பட்ட டிஎன்ஜியை அசலாக ஒப்புக்கொள்ளாத புகைப்படப் போட்டிகளும் உண்டு. சந்தாவும் வேண்டாம், மாற்றமும் வேண்டாம் என்பவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசமாக இருக்கின்றன.

பல மென்பொருள்களில் ராவில் செய்த திருத்தங்கள் எக்ஸ்எம்பி என்ற சிறு துணை ஃபைலில் பக்கத்தில் உட்காரும் என்பதால், வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது ராவை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் நாலு நாள் வேலை விட்டுப்போய்விடும். ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள்.

லேப் வரை

ரீடச்சிங்குக்குப் போகும் இருபது, முப்பது படங்களுக்கு மட்டும் இழப்பில்லாத பெரிய ஃபைல் வகையான 16 பிட் டிஃப் போதும். 24 மெகாபிக்சல் படம் ஒன்றுக்கு சுருக்காமல் 144 எம்பி, லேயர் கூடக்கூட அது பெருகும். எல்லாப் படத்தையும் டிஃப் ஆக்கி வைப்பது டிஸ்க்கை நிரப்பும் வேலை; ராவும் எக்ஸ்எம்பியும் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் டிஃப் செய்துகொள்ளலாம். 16 பிட்டில் எல்இசட்டபிள்யூ சுருக்கம் பல சமயம் ஃபைலைப் பெரிதாக்கிவிடும். ஜிப் சுருக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பிஎன்ஜி இழப்பில்லாதது என்பதால் படத்துக்கும் நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது லோகோவுக்கும் எழுத்துக்கும் ஏற்றது, புகைப்படத்தில் இடத்தைத்தான் தின்னும்.

லேபுக்கு எஸ்ஆர்ஜிபி, 8 பிட் ஜேபெக். ஃபோட்டோஷாப்பின் 0 முதல் 12 வரையான தர அளவில் 6-உம் அதற்குக் கீழும் நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும். 7 முதல் குறைக்காது. சிவப்புப் புடவையின் ஜரிகை ஓரம் கசிந்ததுபோல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 10 அல்லது அதற்கு மேல் வைத்து ஒரே முறை சேமியுங்கள். டிசைனர் ஒருமுறை, திருத்தம் சொன்னபின் இன்னொருமுறை, லேபில் மூன்றாவது முறை என்று ஜேபெக்கையே திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

ஆல்பத்தில் நிறமெல்லாம் செத்து வந்தால் ஃபைல் பெயரைப் பாருங்கள். கேமராவை அடோபி ஆர்ஜிபியில் வைத்து எடுத்த படத்தின் பெயர் கீழ்க்கோட்டில் தொடங்கும். நிற மேலாண்மை இல்லாத இடத்தில் அந்த ஃபைல் எஸ்ஆர்ஜிபி போலவே வாசிக்கப்பட்டு, புடவைச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். ராவில் இந்த அமைப்பு வெறும் குறிப்பு. ஜேபெக்கில் அதுவே படம்.

உறவினர்கள் தங்கள் ஐபோனில் எடுத்து, ஆல்பத்தில் சேர்க்கச் சொல்லும் படங்கள் கடைசியாக வந்து சேரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஹெய்ஃப் ஃபைலாக வந்தால் உயர்ந்த தரத்தில் ஒருமுறை ஜேபெக்காக மாற்றி டிசைனருக்குக் கொடுத்து, வந்த மூல ஃபைலையும் கல்யாண ஃபோல்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ள முடிந்தால், போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அதன்பின் எடுப்பவை ஜேபெக்காகவே வரும்.